திருப்பணிக்கு மண் வெட்டும் முன்: தோட்டக் கோயில் நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், மெர்போக், சுங்கைப்பட்டாணி வட்டாரத் தோட்டக் கோயில்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் வணக்கம்.

நம் கோயில்கள் நிற்கும் மண் பழைய கடாரம். ஜெராய் மலையடியிலிருந்து மெர்போக் ஆறு, மூடா ஆறு வரை செங்கல் அடித்தளங்களும் இரும்பு உருக்கிய உலைகளும் மண்ணுக்குள் கிடக்கின்றன. செம்பனை மறுநடவுக்கு இயந்திரம் இறங்கும்போதும், மண்டபத்துக்கு அஸ்திவாரம் எடுக்கும்போதும் அவை மேலே வருகின்றன. முதலில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள்தான்.

பழைய செங்கல்லைக் கண்டால் கோயிலுக்குக் கொண்டுவந்து, கழுவி, மஞ்சள் குங்குமம் இட்டு, பீடத்தில் சிமெண்டு வைத்துப் பதித்துவிடுகிறோம். பக்தியோடு செய்வதுதான். ஆனால் அந்தக் கல் சொல்லக்கூடியதில் பெரும்பகுதி அது கிடந்த இடத்தோடு போய்விடுகிறது. நடுவில் குழி உள்ள கல்லை உரல் என்று எடுத்துவந்து துளசி மாடத்துக்கு அடியில் வைத்துவிடுவார்கள். அது மரத்தூணைத் தாங்கிய அடிக்கல்லாக இருக்கலாம். மரம் மக்கிப்போய்விட்டது; எஞ்சியவை அடிக்கற்களும் அவற்றுக்கு இடையே உள்ள தூரமும் மட்டுமே. அந்தத் தூரத்தை வைத்துத்தான் மண்டபத்தின் நீள அகலத்தைக் கணிக்கிறார்கள். 1959, 1960இல் ஜெராய் மலையடியில் உள்ள புக்கிட் பத்து பகாட் என்னும் பழங்கோயிலைச் சீரமைக்க முடிந்தது, அதன் கற்கள் கிடந்த நிலையை அளந்து வரைந்ததால். ஒரு கல்லை நகர்த்தினாலே கணக்கு பிசகும்.

ஆகவே ஏதாவது தென்பட்டால் தொடாதீர்கள். பக்கத்தில் அளவு நாடாவை விரித்துவைத்து மேலிருந்து ஒரு படம் எடுங்கள். பத்தடி தள்ளி நின்று, கால்வாயோ செம்பனை நிரையோ தெரியும்படி இன்னொன்று. கைப்பேசியில் இருப்பிடத்தைப் போட்டு, தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் வரை குறியுங்கள். ஐந்தாம் இலக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர். ஆனால் செம்பனை ஓலைக்கு அடியில் கைப்பேசி பல மீட்டர் தவறாகக் காட்டும். அதனால் மின்கம்பம், பாலம் போன்ற அசையாத இரண்டு இடங்களிலிருந்து நாடா பிடித்துத் தூரத்தை எழுதுங்கள். இரண்டு தூரமும் ஒத்துப்போகும் இடம் இரண்டு உண்டு. அந்த இரண்டு இடங்களையும் இணைக்கும் கோட்டுக்குப் பொருள் எந்தப் பக்கம் என்பதையும் எழுதாவிட்டால் அளந்தது வீண். தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் ஆழம், மண்ணின் நிறம் என்ன என்பதும் வேண்டும். படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இருப்பிடத் தகவல் அழிந்துவிடும். கோப்பாக அனுப்புங்கள்.

கனமான கறுப்புக் கட்டி, மேலெல்லாம் குமிழிக் குழிகள் என்றால் அது சிட்டம், அதாவது இரும்பு உருக்கிய கசடு. அதைத் தோட்டப் பாதைக்குக் கொட்டி நிரப்பாதீர்கள். அதனோடு ஒரு முனை கண்ணாடிபோல் உருகிய சுட்ட மண்குழாய் கிடந்தால், துருத்திக் காற்று உலைக்குள் போன குழாய் அது. இவ்வட்டாரத்தில் பழைய இரும்பு உருக்குமிடமான சுங்கை பத்துவில் இவை ஏராளமாகக் கிடைத்தன.

ஏற்கெனவே எடுத்துவந்துவிட்ட பொருளைக் கழுவாதீர்கள். எண்ணெய், பால் அபிஷேகமும் வேண்டாம். ஈரச் செங்கல்லையும் பானை ஓட்டையும் வெயிலில் வைத்தால், உள்ளிருக்கும் உப்பு மேலே வந்து படிந்து தோல் உரிந்துவிடும். நிழலில் மெல்லக் காயட்டும். துளையிட்ட பையில் போட்டு, பென்சிலால் எழுதிய சீட்டை வையுங்கள். பேனா மை ஈரத்தில் ஓடிவிடும். பீடத்தில் பதித்ததைப் பெயர்க்கவே வேண்டாம். அது எங்கே கிடைத்தது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதிவைத்தால் அதுவே பெரிய காரியம்.

2005ஆம் ஆண்டு தேசிய பாரம்பரியச் சட்டப்படி, கண்டெடுத்ததை மாவட்ட அதிகாரிக்கு உடனே தெரிவிப்பது கடமை. அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். மெர்போக் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள், தமிழ்ப்பள்ளிக்கு ஒன்று, கோயிலில் ஒன்று. இடத்தின் எண்களை மட்டும் முகநூலில் போடாதீர்கள், புதையல் தேடுவோர் வந்துவிடுவார்கள். 2013இல், தொல்லியலார் பதினோராம் எண் கொடுத்திருந்த பழங்கோயில் வீடமைப்புக்காக இடித்துத் தள்ளப்பட்டது. தனியார் நிலம், அரசிதழில் பதிவாகவில்லை. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிடைத்ததையெல்லாம் ராஜேந்திர சோழன் கட்டியது என்று பலகை எழுதாதீர்கள். அவன் படை வந்தது 1025இல். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே துறைமுகம் இருந்தது. மூடா ஆற்றுக்குத் தெற்கே 1834இல் கிடைத்த புத்தகுப்தன் என்னும் மாலுமியின் கல்வெட்டு, எழுத்தமைதிப்படி 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இப்போது கொல்கத்தாவில் இருக்கிறது. சிவனை வணங்கியவர்களும் புத்தரை வணங்கியவர்களும் இங்கே வாழ்ந்தார்கள். நமக்குப் பிடித்த ஒரு பெயருக்குள் அத்தனை பேரையும் அடைத்துவிடக் கூடாது.

எந்தத் தோட்டத்தில் எப்போது மறுநடவு என்பது உங்களுக்குத்தான் முதலில் தெரியவரும். தெரிந்ததும், இயந்திரம் வருவதற்கு முன்பே மண்டோரிடமும் (வேலை மேற்பார்ப்பவர்) ஓட்டுநரிடமும் ஒரு செங்கல் துண்டையும் ஒரு சிட்டக்கட்டியையும் படத்தில் காட்டிவையுங்கள். கோயில் அலுவலகத்தில் ஒரு தடித்த நோட்டும், 30 மீட்டர் நாடாவும், இரண்டு பென்சிலும் இருக்கட்டும்.

அன்புடன்,
இவ்வட்டாரத் தொல்லிடங்களைப் பதிவு செய்துவருவோர்,
பீடோங், கெடா