வெயிட் மெஷினை மட்டும் நம்பாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் சுகர் பத்தி நீங்க போட்ட கட்டுரைய எங்க வீட்ல எல்லாரும் படிச்சோம், விஷயமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அதுக்கு ஒரு குண்டான ஆள் தட்டு நிறைய வச்சு சாப்பிடுற மாதிரி படம் போட்டிருந்தீங்க பாருங்க, அதப் பாத்ததும் மனசு கேக்கல, அதான் எழுதுறேன். அந்தப் படத்தப் பாத்துட்டு 'நமக்கில்லப்பா இது'ன்னு பக்கத்தத் திருப்பிட்டுப் போன ஒல்லி ஆளுங்க எத்தன பேர் இருப்பாங்க!

என் தம்பி அப்படித்தான் இருந்தான். 38 வயசு, 168 செ.மீ. உயரம், 62 கிலோ. சின்னதுலேர்ந்து வீட்ல அவனுக்கு ஒட்டடக்குச்சின்னு பேரு. கம்பெனி செக்கப்ல வருஷா வருஷம் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏத்த எடையான்னு பாக்குற கணக்கு) 22, நார்மல்னு எழுதிக் குடுத்துடுவாங்க, ஃபாஸ்டிங் சுகரும் 90, 95னுதான் இருந்துச்சு. நடுவுல கழுத்துப் பின்பக்கம் கறுத்து, தடிப்பா வெல்வெட் துணி மாதிரி ஆயிடுச்சு. அம்மா அத அழுக்குன்னு நெனச்சு பயத்தமாவு போட்டு தேச்சு தேச்சு பாத்தாங்க, போகவே இல்ல. ரத்தத்துல சர்க்கரைய இறக்குற இன்சுலின் உடம்புல எக்கச்சக்கமா சுரந்தா இப்படி ஆகும்னு போன வருஷம்தான் ஒரு டாக்டரம்மா சொன்னாங்க. அவங்க தம்பிய வெயிட் மெஷின்ல ஏத்தவே இல்ல, இன்ச் டேப்ப எடுத்து வயித்தச் சுத்தி வச்சாங்க, 94 செ.மீ. நம்ம ஆம்பளைங்களுக்கு 90, பொம்பளைங்களுக்கு 80, அதுக்கு மேல போகக் கூடாதாம். அப்புறம் டெஸ்ட் எடுத்தா மூணு மாச சராசரி சுகரக் காட்டுற ஹெச்பிஏ1சி 6.2, அதாவது சுகருக்கு முந்தின படியான ப்ரீ டயபெட்டிஸ், ரத்தத்துல ட்ரைகிளிசரைடுங்கிற கொழுப்பு 240, ஸ்கேன்ல ஃபேட்டி லிவர், அதாவது ஈரல்ல கொழுப்பு. அம்மா அன்னிக்கு சாப்பிடவே இல்ல.

தம்பிக்கு இருந்தது இன்சுலின் ரெசிஸ்டன்ஸ், அப்படின்னா உடம்பு இன்சுலினோட பேச்சக் கேக்காது, கணையம் இன்னும் இன்னும் சுரந்து எப்படியோ சமாளிச்சுட்டே இருக்கும், அதனால பல வருஷம் ஃபாஸ்டிங் சுகர் ஒழுங்காவே காட்டும். சாப்பாட்டுல வர்ற சர்க்கரைய வாங்கி வைக்கிற பெரிய இடம் தசை, அது நம்ம ஆளுங்களுக்கு பொதுவா கம்மி, கொழுப்பு போய் வயித்துக்குள்ள ஈரலச் சுத்தி உக்காந்துக்குது. 2004ல புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் தங்களையே அளந்து காட்டினாங்க, ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ அதே 22.3, ஆனா உடம்புக் கொழுப்பு அந்த வெள்ளக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். அதனாலதான் வெள்ளக்காரங்களுக்கு பிஎம்ஐ 25க்கு மேல ஓவர்வெயிட்னா நமக்கு 23லயே ஆரம்பிக்குதுன்னு வச்சிருக்காங்க. லண்டன், அமெரிக்கான்னு போய் செட்டில் ஆன நம்ம ஜனங்களுக்கும் இதே கதைதான்.

2023ல வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வுல, நம்ம நாட்டுல சுகர் இருக்கிறவங்க 10 கோடிக்கும் மேல, ப்ரீ டயபெட்டிஸ் 13 கோடிக்கும் மேல. அந்த 13 கோடி பேர நெனச்சாதான் எனக்குப் பதறுது, ஏன்னா அவங்கள இன்னும் திருப்பிக் கொண்டு வரலாம். சென்னைல டாக்டர் ராமச்சந்திரன் டீம் செஞ்ச ஆய்வு 2006ல வந்துச்சு, ப்ரீ டயபெட்டிஸ் இருந்தவங்கள சும்மா விட்டப்போ மூணு வருஷத்துல 100க்கு 55 பேருக்கு சுகர் வந்துடுச்சு, நடையும் சாப்பாடும் மாத்தினவங்கள்ல 39 பேருக்குத்தான், இத்தனைக்கும் அவங்க எடை பெருசா குறையவே இல்ல!

தம்பி இப்ப மத்தியானம் சோத்தப் பாதியாக்கி சுண்டல், முட்டை, கீரைய ஏத்திட்டான், ராத்திரி சாப்பிட்டதும் 20 நிமிஷம் நடக்குறான், வாரத்துல மூணு நாள் தண்ணி கேன் தூக்கி எக்சர்சைஸ். எட்டு மாசத்துல எடை ஒரு கிலோதான் குறைஞ்சுது, வயிறு 94லேர்ந்து 89. கழுத்துக் கறுப்பும் வெளுக்குது.

அதனால அடுத்த தடவ சுகர் பத்திப் போடுறப்போ ஒரு இன்ச் டேப் படமும், 90, 80 செ.மீ.ங்கிற நம்பரும் கொட்டை எழுத்துல போடுங்க. விலா எலும்பு முடியிற இடத்துக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல, மூச்ச விட்டுட்டு அளக்கணும்னும் சேத்துப் போடுங்க, ஏன்னா எல்லாரும் பேன்ட் சைஸச் சொல்லிடுறாங்க, பேன்ட்ட நாம தொப்பைக்குக் கீழதான போடுறோம். எங்க தம்பி பேன்ட் சைஸ் அப்பவும் 34 இன்ச், அதாவது 86 செ.மீ.தான்.

இப்படிக்கு,
உங்க வாசகி, திருச்சி