சும்மா கிடைத்ததையும் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்

சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள நண்பனுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் குடியிருப்புக்குக் குடிவந்த பிறகும் அப்பா விடியற்காலையில் எழும் பழக்கத்தை விடவில்லை; பால்மரம் (ரப்பர்) நின்ற இடமெல்லாம் செம்பனையாகிவிட்டது, அவருக்கு வெட்டுக்குப் போகும் நேரம் மட்டும் மாறவில்லை. நீ கிள்ளானில் பணி ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக, நிண்டெண்டோ டிஎஸ் என்ற இரட்டைத்திரைக் கையடக்க விளையாட்டுக் கருவிக்கு அந்நாளில் எழுதிய தமிழ் எழுத்துப் பயிற்சிச் செயலியைத் தூசு தட்டி எடுத்திருக்கிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். பழையபடி விமர்சனம் எழுதி அனுப்பு, தயவு தாட்சண்யம் பார்க்காதே என்று கேட்டிருந்தாய். நீ அனுப்பிய கோப்பை என் டிஎஸ் லைட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அந்நாளில் நம்மைப் போன்றவர்கள் எழுதிய விமர்சனங்களில் ஒரு பொதுக்குறை இருந்தது. நிண்டெண்டோ நிறுவனத்தின் அனுமதியும் அதன் கருவித்தொகுப்பும் இல்லாமல், டெவ்கிட்ஏஆர்எம், லிப்என்டிஎஸ் ஆகிய இலவச மென்பொருள்களை வைத்துக்கொண்டு, 4 மெகாபைட் நினைவகத்துக்குள் யாரோ ஒருவர் இராக்கண் விழித்து எழுதியது என்பதாலேயே எதைக் கண்டாலும் புகழ்ந்துவிடுவோம். இத்தகைய செயலிகளை டிஎஸ்ஸில் ஓட்டச் செருகும் நினைவக கார்டுகளில், ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனியாக நிரல் எழுத வேண்டியிருந்த தொல்லையை, சிஷ்ம் என்ற புனைபெயரில் எழுதியவரின் டிஎல்டிஐ முறை தீர்த்து வைத்ததற்கு எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் அந்தப் பாராட்டை அதன்மேல் ஓடிய எல்லா விளையாட்டுகளுக்கும் பங்கு போட்டுக் கொடுத்தது சரியில்லை. (அந்தக் கார்டுகளைப் பெரும்பாலோர் வாங்கியது திருட்டு விளையாட்டுகளுக்காக என்பதும் நமக்குத் தெரியும், நிண்டெண்டோவும் பிற நிறுவனங்களும் தொடுத்த வழக்கில், 2009 பிப்ரவரியில் தோக்கியோ நீதிமன்றம் ஜப்பானில் அவற்றின் விற்பனைக்குத் தடை விதித்தது.)

இப்போது நான் வைத்திருக்கும் உரைகல் ஒன்றுதான்: எழுதியவர் அந்தத் திரையின் இயல்பை அறிந்து எழுதினாரா? டிஎஸ்ஸின் கீழ்த்திரை இரண்டு படலங்களால் ஆனது. அழுத்தும்போது மேல்படலம் கீழ்ப்படலத்தைத் தொடுகிறது. அந்த இடத்தின் மின்னழுத்தத்தைக் கொண்டு கருவி புள்ளியைக் கணக்கிடுகிறது. ஒரு நேரத்தில் ஒரு புள்ளியைத்தான் அது அறியும். இது தெரியாமல் எழுதப்பட்ட பியானோ ஒன்று என் கார்டில் இன்னும் கிடக்கிறது. அதில் இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால், நடுவில் யாரும் தொடாத மூன்றாவது கட்டை ஒலிக்கிறது. படங்களெல்லாம் அழகுதான், ஆனால் சுருதி சேர வழியே இல்லை.

இதற்கு நேர் எதிராக, ஜென்ஸ் ஆண்டர்சன் 2007இல் வெளியிட்ட கலர்ஸ் என்ற ஓவியச் செயலியைச் சொல்வேன். இவ்வகைத் திரை, தொட்ட இடத்தோடு அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தையும் ஓரளவு உணர்த்தும் என்பதைக் கண்டுகொண்டு, ஸ்டைலஸ் என்ற தொடுகோலை மெல்ல வைத்தால் நீர்த்த வண்ணமும் ஊன்றினால் அடர்ந்த வண்ணமும் வரும்படி அவர் செய்திருந்தார். வரைந்து முடித்த ஓவியத்தை முதல் கோட்டிலிருந்து மீண்டும் ஓட்டிப் பார்க்கவும் முடியும். 2012இல் அதன் வழிவந்த செயலி, டிஎஸ்ஸுக்குப் பின் வந்த 3டிஎஸ் கருவிக்கான நிண்டெண்டோவின் இணையக் கடையிலேயே விற்பனைக்கு வந்தது என்பது அதன் தரத்துக்குச் சான்று.

விரலால் தொடும் கண்ணாடித் திரையின் கதை வேறு. 2007 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஐபாட் டச்சுக்குத் தொடக்கத்தில் வெளியார் செயலி எழுத வழியே இல்லை. அக்டோபரில் வந்த, அந்தப் பூட்டை உடைக்கும் ஜெயில்பிரேக்மீ, சஃபாரி உலாவி டிஃப் வகைப் படங்களைத் திறக்கும் விதத்தில் இருந்த ஓட்டை வழியாக நுழைந்து, நுழைந்த பிறகு அதே ஓட்டையை அடைத்தும் விட்ட நாகரிகத்தை நாம் எத்தனை முறை வியந்து பேசியிருப்போம்! அப்படி ஏற்றியவற்றில் என் மனத்தில் நிற்பது, லூகஸ் நியூமனும் ஆடம் பெட்ஸும் ஐபோனுக்காக 2007 ஆகஸ்டிலேயே செய்த லைட்ஸ் ஆஃப் என்ற புதிர் விளையாட்டு. ஐந்துக்கு ஐந்து கட்டங்கள். ஒன்றைத் தொட்டால் அதுவும் அதை ஒட்டிய நான்கும் எரிந்திருந்தால் அணையும், அணைந்திருந்தால் எரியும். விதி பழையது, ஆனால் ஒவ்வொரு கட்டமும் விரல் நுனிக்கு வசதியான அளவில் இருக்கும், வேறு பொத்தானும் தேவைப்படாது. பழைய விளையாட்டுப் பெட்டிகளைப் போலச் செய்யும் எமுலேட்டர்களோ, இல்லாத பொத்தான்களைக் கண்ணாடியில் வரைந்து வைத்து, பார்க்க வேண்டிய படத்தைக் கட்டைவிரலாலேயே மறைக்கச் செய்தன. அவற்றுக்கு நாம் வாரி வழங்கிய நட்சத்திரங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

2008 ஜூலையில் ஆப்பிளின் செயலிக் கடையான ஆப் ஸ்டோர் திறந்தது. நேட் ட்ரூ எழுதிய டாப் டாப் ரெவல்யூஷன் என்ற தாள விளையாட்டு, பெயர் மாறி அங்கே முறையான சரக்காகப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு வந்தவற்றை நான் அதிகம் பின்தொடரவில்லை.

ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். காலமெல்லாம் பால்மரம் வெட்டும் உளி பிடித்த அப்பாவின் விரல் நுனிகள் காய்த்துப் போனவை. ஐபாட்டின் கண்ணாடி, விரலில் உள்ள மின்தன்மையை உணர்ந்து வேலை செய்வது. காய்த்து உலர்ந்த தோலை அது பல நேரம் அறிவதில்லை. அவர் இரண்டு மூன்று தடவை தட்டிப் பார்த்துவிட்டு, 'இதுக்கு என்னைப் புடிக்கல' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். டிஎஸ் அவர் நகத்துக்கும் பணிந்தது. பிஞ்சு விரல்களுக்கும் முதிய விரல்களுக்கும் செயலி எழுதுகிறவன் எந்தத் திரையைத் தேர்ந்துகொள்கிறான் என்பதும் விமர்சனத்துக்கு உரியது. அந்த வகையில் உன் தேர்வு சரியானது.

இனி உன் செயலி. கீழ்த்திரையில் மங்கலாக எழுத்து, மேல்திரையில் படமும் சொல்லும் என்ற அமைப்பு நன்று. மதிப்பெண் இடும் முறைதான் நன்றாக இல்லை. என் பேத்தி முதலாம் ஆண்டு படிக்கிறாள். 'ழ' எழுதச் சொன்னால், திரை முழுவதையும் ஸ்டைலஸால் கிறுக்கி 'மிக நன்று' வாங்கிவிட்டாள். மங்கல் எழுத்தின் மேல் மை பட்டதா என்று மட்டும் உன் நிரல் பார்க்கிறது. வெளியே சிந்தியதையும், கோடு எங்கே தொடங்கி எந்தப் பக்கம் சுழிந்தது என்பதையும் அது பார்ப்பதில்லை. 'ண'வின் சுழிகளை வலமிருந்து இடமாகப் போட்டாலும் முழு மதிப்பெண் கிடைக்கிறது. கலர்ஸ் செய்ததைப் போலப் புள்ளிகளை வரிசையாகச் சேமித்துவை. ஆசிரியர் எழுதும் வரிசையை முதலில் ஓட்டிக் காட்டலாம். பிள்ளை எழுதிய வரிசையை அதோடு ஒப்பிடலாம்.

எழுத்து மாறும்போதெல்லாம் ஒரு கணம் தயங்குவதற்குக் காரணத்தையும் கண்டுபிடித்தேன். 256க்கு 192 புள்ளி உள்ள முழுத்திரைப் படத்தைப் புள்ளிக்கு ஒரு பைட்டாக வைத்திருக்கிறாய். படம் ஒன்றுக்கு 48 கிலோபைட் ஆகிறது. 247 எழுத்துக்கும் சேர்த்தால் 11 மெகாபைட்டைத் தாண்டிவிடுவதால், ஒவ்வொரு தடவையும் கார்டிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது. மங்கல் எழுத்துக்கு அத்தனை வண்ணம் எதற்கு? மை உண்டு, இல்லை என்ற செய்தி மட்டும் போதுமென்றால் படம் 6 கிலோபைட்டாகச் சுருங்கும். மொத்தமும் ஒன்றரை மெகாபைட்டுக்குள் அடங்கி நினைவகத்திலேயே தங்கிவிடும்.

இவ்விரண்டையும் திருத்தி அனுப்பினால், இங்குள்ள தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்க இசைந்திருக்கிறார். தீபாவளிக்கு வரும்போது உன்னிடம் உள்ள கருவியையும் அதன் சார்ஜரையும் மறவாமல் எடுத்து வா. என்னிடம் இருப்பது ஒன்றுதான், அதையும் பேத்தி விடமாட்டாள். தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்