மெஷின் மறுத்தால் யாரைப் போய்க் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எந்த அரசு அலுவலகத்துக்குப் போனாலும் இப்போது "சிஸ்டத்தில் காட்டலை" என்கிறார்கள். அப்படிச் சொல்லும் ஊழியர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் கையில் ஒன்றும் இல்லை. திறப்பு விழாவில் போட்டோவுக்கு நின்றவர்கள், அந்த சிஸ்டம் தப்பு செய்யும்போது மட்டும் காணாமல் போய்விடுகிறார்களே, அதுதான் வயிறெரிகிறது.

எங்கள் பகுதி ரேஷன் கடையில் போன மாதம் ஒரு பாட்டிக்கு ரேகை விழவில்லை. பத்துப் பாத்திரம் தேய்த்தே மழுங்கிப்போன விரல்கள். முந்தானையில் துடைத்துத் துடைத்து, விரலை மாற்றி மாற்றி வைத்தும் மெஷின் ஏற்கவில்லை. "சாயங்காலம் வாங்கம்மா, பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். ரேகை ஒத்துப்போகாததற்காக உரியவருக்குப் பொருளை மறுக்கக் கூடாது என்பதை ஆதார் வழக்கில் 2018-லேயே உச்ச நீதிமன்றம் பதிவு செய்திருக்கிறது. கடை வரைக்கும் அது வந்து சேரவில்லை.

1956 நவம்பரில் அரியலூர் அருகே தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விபத்தில் நூறு பேருக்கு மேல் இறந்தபோது, ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். ரயிலை ஓட்டியது அவரில்லை, ஆனால் துறை அவருடையது. அதெல்லாம் அந்தக் காலம், கம்ப்யூட்டருக்கு எப்படிப் பொருந்தும் என்பார்கள். நெதர்லாந்தில் பொருந்தியதே! குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்ததாக வரித் துறை ஆயிரக்கணக்கான பெற்றோர் மேல் தவறாகப் பழி போட்டது, யாரைச் சந்தேகிக்கலாம் என்று கைகாட்டியதில் ஒரு மென்பொருளுக்கும் பங்கு உண்டு. 2021 ஜனவரியில் மார்க் ருட்டேயின் அமைச்சரவை மொத்தமாக ராஜினாமா செய்தது. தேர்தலுக்கு இரண்டு மாதம்தான் பாக்கி, சரி, இருந்தாலும் தப்பைத் தலையில் ஏற்றுக்கொண்டார்கள்.

செயற்கை நுண்ணறிவை நெறியோடு பயன்படுத்த தமிழ்நாடு 2020-லேயே கொள்கை வெளியிட்டது, அதைப் பாராட்டுகிறேன். அடுத்த ஆண்டே நம் போலீசுக்கு முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் மென்பொருளும் வந்தது. அது ஆளை மாற்றிக் காட்டினால் பதில் சொல்லப்போவது யார்?

மெஷின் மறுக்கும் ஒவ்வொரு இடத்திலும், அதை மீறி உத்தரவு போடக்கூடிய அதிகாரியின் பெயரும் போன் நம்பரும் பலகையில் இருக்க வேண்டும். அப்புறம், வருடத்தில் எத்தனை பேரை மெஷின் திருப்பி அனுப்பியது, அதில் எத்தனை தவறு என்று துறை அமைச்சரே சட்டசபையில் கணக்குச் சொல்ல வேண்டும். உணவுத் துறை மானியக் கோரிக்கை வரும்போது இதைக் கேட்கச் சொல்லி எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கும் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வியாசர்பாடி, சென்னை-39