ரேடாரை மாட்டிட்டு போனா மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கப்பலூர் சிட்கோ பக்கத்துல லாரி, பஸ்ஸுக்கு ஒயரிங் வேலை பாக்குறவன், இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு. கடலுக்கும் எனக்கும் சம்பந்தம் வந்தது என் தங்கச்சியாலதான். அவளை தூத்துக்குடிக்கு வடக்க தருவைகுளத்துல கட்டிக் கொடுத்திருக்கு, மாப்பிள்ளைக்கு ஒரு விசைப்படகுல பங்கு இருக்கு, கிளம்புனா பத்து நாள் பன்னெண்டு நாள்னு ஆழ்கடல்லயே தங்கி வலை போட்டுட்டு வர்ற படகு. அதுல ரேடார் மாட்டினாங்க, அதாவது அலைய அனுப்பி, சுத்தி இருக்குற கப்பல், படகை ஸ்கிரீன்ல புள்ளியாக் காட்டுற மிஷின், தங்கச்சி நகையையும் சேத்து அடகு வச்சுதான் வாங்குனது. அந்த ரேடார் விஷயமாத்தான் இந்த லெட்டர்.

ஐப்பசி மாசம் ஒரு ராத்திரி, மழை அடிச்சு ஊத்துது, கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. ரேடார்ல மட்டும் ஒரு பெரிய புள்ளி 6 கடல் மைல்ல கொஞ்சம் இடது பக்கமா தெரிஞ்சிருக்கு, சரி அது இடது பக்கமாவே தாண்டிப் போயிரும்னு டிரைவர் நேரா விட்டுட்டாரு. மழை லேசா விட்ட நேரத்துல தலை தூக்கிப் பாத்தா, எதுக்க சரக்குக் கப்பலோட சிவப்பு லைட்டும் பச்சை லைட்டும் ரெண்டும் ஒண்ணா தெரியுது. ரெண்டும் ஒருசேர தெரிஞ்சா கப்பல் நம்மள நேராப் பாத்து வருதுன்னு அர்த்தம். வலது பக்கமா முழுசா ஒடிச்சு தப்பிச்சாங்க. இதை மாப்பிள்ளை என்கிட்ட போன்ல சொல்றப்ப, "மச்சான், மிஷினு பொய் சொல்லிருச்சு"ன்னு மட்டும் சொன்னாரு, அதுக்கு மேல அவரால பேச முடியல.

கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில நிக்கும். அப்பத்தான் டூல் பாக்ஸ தூக்கிட்டு போய் பாத்தேன். பாத்ததும் எனக்கு வயிறு கலங்கிருச்சு. மிஷின் மேல ஒரு குத்தமும் இல்ல. வித்த கடையில இருந்து வந்த பையன் ரெண்டு மணி நேரத்துல மாட்டிட்டு போயிருக்கான், அம்புட்டும் அதுலதான்.

டெக் லைட்டுக்குப் போற 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர்லயே ரேடாருக்கும் கரண்ட் எடுத்து விட்டிருந்தான், மீட்டர் வச்சுப் பாத்தா பேட்டரியில 12.4 வோல்ட், லைட்டைப் போட்டா ரேடார் கிட்ட 10.1தான் நிக்குது, ராத்திரி வலை இழுக்குறப்ப ஸ்கிரீன் அணைஞ்சு அணைஞ்சு வந்ததுக்கு இதுதான் காரணம். ரேடார் 4 கிலோவாட்னு பெட்டியில போட்டிருக்குறதைப் பாத்துட்டு அது பேட்டரியவே தின்னுரும்னு பயப்படுறாங்க, அந்த 4 கிலோவாட் ஒவ்வொரு துடிப்பிலயும் கண் சிமிட்டக்கூட நேரம் இல்லாத அளவுக்குத்தான் வெளிய போகும், சராசரியா அது எடுக்குறது ஒரு பழைய 40 வாட் பல்பு எடுக்குற கரண்ட்தான். பேட்டரியில இருந்து 10 ஸ்கொயர் எம்எம் ஒயர் தனியா இழுத்து, பேட்டரி பக்கத்துலயே பியூஸ் வச்சு, ஒயர் முனையில மாட்டுற லக்கை நல்லா அழுத்திக் கிரிம்ப் பண்ணி, உப்புக்காத்து உள்ள போகாம சூடு காட்டுனா சுருங்கிப் பிடிக்குற ஹீட் ஷ்ரிங்க் உறை போட்டேன். இப்ப லைட்டு எல்லாம் எரிஞ்சாலும் 12.2 நிக்குது.

ரேடார் அலைய அனுப்பி வாங்குற உருண்டைப் பெட்டிதான் டோம், அதை கேபின் கூரையில சைலன்சர் பைப்புக்குப் பின்னாடி வச்சிருந்தான். இரும்பு பைப் மறைச்சா அந்தத் திசையில இருக்குறது தெரியவே தெரியாது, அதோட ஆளு உக்காந்தா முகத்துக்கு நேரா இருக்கு, ஓடுற ரேடாருக்கு நேர் மட்டத்துல கிட்ட யாரும் இருக்கக் கூடாது. பிராக்கெட் அடிச்சு தண்ணி மட்டத்துல இருந்து 4 மீட்டர் உயரத்துக்கு ஏத்துனேன். அந்த உயரத்துல 25 மீட்டர் உயரமுள்ள கப்பலை சுமாரா 15 கடல் மைல்ல பிடிக்கலாம். பெட்டியில 36 மைல்னு அச்சடிச்சிருந்தாலும் பூமி வளைவுக்கு அந்தப் பக்கம் கிடக்குறது தெரியாது, இதைக் கடைக்காரங்க வாயத் திறந்து சொல்றதே இல்ல.

இப்ப அந்த 'பொய்'க்கு வர்றேன். டோமை மாட்டுறப்ப படகோட அணியத்துக்கு, அதாவது முன்முனைக்கு நேரா அது பாக்குதான்னு சரிபாத்து செட்டிங்ல திருத்தணும், அதை யாரும் செய்யல. தண்ணியில இறக்குன பொறவு துறைமுகத்துல அலையத் தடுக்குற பிரேக்வாட்டர் சுவரோட முனைக்கு நேரா அணியத்தைப் பிடிக்கச் சொல்லி ஸ்கிரீனைப் பாத்தேன், முனை 12 டிகிரி இடது பக்கம் தள்ளிக் காட்டுது! 6 மைல்ல 12 டிகிரின்னா 1 மைலுக்கு மேல தள்ளி. நேரா வந்த கப்பலை அது இடது பக்கம் காட்டியிருக்கு. மெனுவுல போய் அந்த 12 டிகிரியத் திருத்த எனக்கு அஞ்சு நிமிஷம்கூட ஆகல சார், அந்த அஞ்சு நிமிஷ வேலைய விட்டதுக்கு எட்டு உசுரு போயிருக்கும்.

அதுலயும் இன்னொண்ணு இருக்கு. அந்தப் புள்ளி கிட்ட வர வர அதே கோணத்துலயே நின்னுச்சுன்னு டிரைவர் சொன்னாரு. தூரம் குறையுது, திசை மாறலன்னா மோதப் போகுதுன்னு அர்த்தம், 1972-ல போட்ட சர்வதேச கடல் விதியிலேயே இது இருக்கு. ஸ்கிரீன்ல புள்ளி மேல ஒரு கோடு போட்டு வச்சாப் போதும், புள்ளி கோட்டை விட்டு விலகுதா இல்ல கோட்டு மேலயே வழுக்கிட்டு வருதான்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். டோம் கோணலா இருந்தாக்கூட இந்தக் கோடு காப்பாத்தியிருக்கும். அந்த பட்டன் இருக்குறதே அவருக்குத் தெரியல, புத்தகம் பூரா இங்கிலீஷ்.

அலையோட எதிரொலியக் குறைக்குற 'சீ கிளட்டர்' பட்டனை முழுசா ஏத்தி வச்சிருந்தாங்க. ஏன்னு கேட்டா "படம் சுத்தமா இருக்குண்ணே"ங்குறாரு டிரைவர். சுத்தமா இருந்ததுக்குக் காரணம் கிட்ட நிக்குற சின்ன பைபர் படகு, அந்த வள்ளத்தையும் சேத்து அழிச்சதுதான். பைபர் ஏற்கனவே ரேடாருக்கு சரியா தெரியாது. எதிரொலியக் கூட்டிக் காட்டுற கெயின் பட்டனை ஸ்கிரீன்ல லேசா மணல் தூவுன மாதிரி புள்ளி வர்ற வரைக்கும் ஏத்தி கொஞ்சம் இறக்கணும், சீ கிளட்டரை அலை அடங்குற அளவுக்கு மட்டும், அதுக்கு மேல ஒரு நூலும் கூடாது. இதைச் சொல்லிக் காட்டுனதும் ஒரு மைல்ல நின்ன வள்ளம் திடீர்னு முளைச்சுச்சு, டிரைவர் என் கையப் பிடிச்சுக்கிட்டாரு, இத்தனை நாள் அதுல இருந்த ஆளுகள நான் பாக்காமயே போயிருக்கேனேன்னு.

வள்ளக்காரங்களுக்கும் ஒரு வழி இருக்கு, மூணு அலுமினியத் தகடு ஒண்ணுக்கொண்ணு நேர் செங்குத்தா சேத்து கம்பத்துல கட்டுனா ரேடார் அலை வந்த திசைக்கே திரும்பும், தூரத்துலயே தெரியும். கப்பலூர்ல வெட்டி ரெண்டு செஞ்சு கொடுத்திருக்கேன்.

மாட்டுத்தாவணி மீன் மார்க்கெட்டுக்கு வர்ற மீனுக்குப் பின்னாடி இப்படி எத்தன ராத்திரி இருக்கோ. நான் கேக்குறது இதுதான். தூத்துக்குடியில மீன்வளக் கல்லூரி இருக்கு, தடைக்காலத்துல டிரைவர்மார் எல்லாம் ஊர்லதான் இருப்பாங்க, மீன்வளத்துறை அங்க ரெண்டு நாள் செய்முறைப் பயிற்சி வைக்கணும், தமிழ்ல, ஓடுற ரேடாரை வச்சு. விக்கிற கம்பெனிக தமிழ்ல புத்தகம் கொடுக்கணும், தண்ணியில விட்டு கோணம் சரிபாத்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பொறவுதான் முழுக் காசு வாங்கணும். எங்க மதுரை புதூர் ஐடிஐ மாதிரி இடங்கள்லயும் படகு ஒயரிங்கை ஒரு சின்ன கோர்ஸா வச்சா பசங்களுக்கு வேலையும் ஆச்சு. ஒயர் வேலை சொல்லிக் கொடுக்க என்னைக் கூப்பிட்டா டூல் பாக்ஸோட வந்துருவேன், பஸ் காசுகூட வேணாம்.

இப்படிக்கு,
ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன்,
திருநகர், மதுரை.