'பெற்றோர் காசில்' வந்த புத்தகமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் நூல் பகுதியில், டிராகன் மேல் பறக்கும் வீரர்களின் கதையான 'எரகான்' வரிசைக்கு நான்கு வரி ஒதுக்கியிருந்தீர்கள். அதில் ஒரு வரி: 'அப்பா அம்மா காசில் அச்சான சிறுவனின் முத்தொகுதி'. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

முதலில், அது முத்தொகுதியே இல்லை. கிறிஸ்டோபர் பவோலினி மூன்று பாகம் என்றுதான் தொடங்கினார். கதை அதற்குள் அடங்கவில்லை. நான்காவது பாகம் 2011இல் வந்தது. அதற்கு முந்தையது 2008. இடையில் அந்த மூன்று வருடமும் என் வாடகை நூலகத்துக்கு வந்து 'அங்கிள், வந்துடுச்சா?' என்று கேட்ட பிள்ளைகளின் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் அந்தக் காசு விஷயம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் வீட்டிலேயே படித்து வளர்ந்தவர், 15 வயதில் எழுத உட்கார்ந்தார். பெற்றோரின் சின்னப் பதிப்பகம்தான் முதலில் அச்சிட்டது, உண்மை. அட்டைப் படத்தையும் அவரே வரைந்தார். பிறகு அந்தக் குடும்பம் 130க்கும் மேற்பட்ட பள்ளிகள், நூலகங்களுக்கு அலைந்தது. பழங்கால உடை மாட்டிக்கொண்டு அந்தப் பையன் பேசிப் பேசி விற்றார். எழுத்தாளர் கார்ல் ஹையாசனின் மனைவியின் மகன் ஒரு பிரதி வாங்கிப் படித்த பிறகுதான் விஷயம் நாஃப் பதிப்பகத்துக்குப் போய், 2003இல் பெரிய அளவில் வந்தது. இதையெல்லாம் நீங்கள் அறியாதவர் இல்லை. சொந்தக் காசில் முதல் கவிதைத் தொகுப்பு போட்ட எத்தனை பேரை உங்கள் இதழ் மனம் நிறையப் பாராட்டியிருக்கிறது! சிறுவன் எழுதினால் மட்டும் காசு கண்ணில் படுகிறதே, ஏன்?

2006இல் சினிமா வந்தபோதும் இப்படித்தான். படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குத் தீர்ப்பு எழுதினீர்கள். அப்போது நான் போட்ட கடிதம் வெளிவரவில்லை. சிறுவர் பக்கத்தை நிறுத்தியபோது எழுதியதற்கும் பதில் இல்லை. பிள்ளைகள் வாசிப்பதில்லை என்று வருத்தப்படும் தலையங்கம் மட்டும் வருடா வருடம் வருகிறது.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டாம் பாகத்தைத் திருப்பித் தர வந்து அரை மணி நேரம் போகவே இல்லை. கதையில் எரகான் ஒரு கைக்குழந்தையை மந்திர மொழியில் வாழ்த்துகிறான். 'உனக்குக் காப்பு கிடைக்கட்டும்' என்பது அவன் நினைப்பு. இலக்கணம் பிசகி 'நீ காப்பாக இரு' என்று வாயில் வந்துவிடுகிறது. அந்தக் குழந்தை ஊரார் வலியையெல்லாம் தன் உடம்பில் சுமக்கிறது. 'ஒரு விகுதி தப்பினதுக்கா அங்கிள்?' என்று கேட்டான். இலக்கணத்தைப் பற்றி ஒரு பிள்ளை கண் கலங்கிக் கேட்டதை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில், 'நான்கு பாகங்கள்' என்று ஒரு வரி திருத்தம் போடுங்கள். விமர்சகர் விரும்பினால் நான்கையும் அனுப்பிவைக்கிறேன். முதல் பாகத்தை மூன்று முறை பைண்டிங் செய்திருக்கிறேன், கொஞ்சம் பார்த்துப் பிரிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாடகை நூலகம் நடத்தும் உங்கள் நெடுநாள் வாசகர்