கொள்ளிடக் கரையும் வயல் எல்லைகளும்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் பாசனதாரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கொள்ளிடத் தென்கரையில், அணைக்கரைக்கு மேற்கே நம் பொறுப்பில் உள்ள வெள்ளக்கரை, பழங்கரை, கண்ணாறு (வயல்களுக்கு நடுவே ஓடும் சிறு வாய்க்கால்), எல்லைக்கல் ஆகியவற்றில் இந்த ஆண்டு நடந்ததைப் படிக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும் மேட்டூர் அணை, 2024-இல் ஜூலை 28-இல்தான் திறந்தது. இரண்டொரு நாளில் அணை நிரம்பிவிட்டது. உபரி நீர் முக்கொம்பு வழியாகக் கொள்ளிடத்தில் இறங்கி, ஒரு லட்சம் கன அடிக்கு மேல் ஓடிய நாட்களில் படுகை முழுக்க மூழ்கியது. வெள்ளக்கரை தாங்கியது. ஆனால் இரண்டு இடங்களில் வயல் பக்கத்தில் ஊற்று கிளம்பியது.

முதல் இடத்தில் காரணம் பழைய சீமைக்கருவேல். சில ஆண்டுகளுக்கு முன் மரத்தைத் தரைமட்டமாக வெட்டியவர்கள் வேரை விட்டுவிட்டார்கள். வேர் மக்கிப்போய் கரைக்குள் குழாய் போலத் துளை விழுந்திருந்தது. இரண்டாவது இடத்தில் எலி வளை. முன்பு ஒப்பந்தக்காரர் ஒருவர் வளையின் வாயை மட்டும் ஆற்று மணலால் மூடிவிட்டுப் போயிருந்தார். மணலுக்குப் பிடிப்பு கிடையாது. தண்ணீர் அழுத்தியதும் மணல் கரைந்து வழி திறந்துவிட்டது.

ஊற்றைக் கண்டதும் அதன் மேல் மூட்டையைப் போட்டு அமுக்கக் கூடாது. அமுக்கினால் பக்கத்தில் வேறு இடத்தில் பீறிடும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே தண்ணீர் தேங்கி உயர விட வேண்டும். தேங்கிய நீரின் எடை எதிர் அழுத்தமாகி ஓட்டம் தணியும். வரும் நீர் தெளிந்திருந்தால் பெரிய பயமில்லை. கலங்கி வந்தால் கரையின் மண்ணே அடித்து வருகிறது என்று பொருள். தெளியும் வரை வட்டத்தை உயர்த்த வேண்டும். இரண்டு இடத்திலும் இரவு முழுக்க நின்று இதைச் செய்த இளைஞர்களுக்கு இந்தச் சபை நன்றி சொல்ல வேண்டும்.

வெள்ளம் வடியும்போதும் கரையை விட்டு நகரக் கூடாது. ஆறு சட்டென்று இறங்கினால், நனைந்து கனத்த மண்ணுக்கு ஆற்றுப் பக்கம் முட்டு இல்லாமல் சரிவு அப்படியே வழுக்கும். இந்த ஆண்டு வெள்ளம் வடிந்தபோது ஆற்றுப் பக்கம் விரிசல் விட்ட இடத்துக்குக் கோடை வரை வண்டி விடவில்லை.

கோடையில் இரண்டு துளைகளையும் முடிவு வரை தோண்டி, பக்கவாட்டைப் படிக்கட்டாக வெட்டினோம். அப்போதுதான் புது மண் பழைய மண்ணைப் பிடிக்கும். களிமண்ணை அரையடி கனத்துக்கு மேல் போடாமல், கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரத்தில் பரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினோம். சரிவு ஓர் அடி உயரத்துக்கு இரண்டடி. மேலே அருகம்புல் பத்தைகள் பதித்தோம். மரம் நடச் சொல்லிச் சிலர் கேட்டார்கள்; கரையின் உடம்பில் மரம் வேண்டாம் என்பதே செயற்குழுவின் முடிவு.

அடுத்து பழங்கரை. இன்றைய வெள்ளக்கரைக்குத் தெற்கே வண்டிப்பாதையாகக் கிடக்கும் மண்மேடு அது. முன்கரை உடைந்தால் ஊரைக் காக்கும் இரண்டாம் கரை அதுதான். ஆண்டுதோறும் அண்டை வெட்டும்போது, அதாவது வயலோரத்தைச் சீவும்போது, இரு பக்கமும் ஒரு மண்வெட்டி நறுக்குவதால் மேடு ஒல்லியாகி வருகிறது. நூறடிக்கு ஓரிடமாக மேலகலமும் உயரமும் அளந்து குறித்துவிட்டோம். மட்டம் பார்க்க டியூப் லெவல்தான், அதாவது தண்ணீர் நிரப்பிய குழாய். குழாயில் ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும்; குமிழி போன பிறகே, இரு வாயையும் திறந்து வைத்துப் படிக்க வேண்டும்.

கண்ணாறுகளைப் பற்றி. சோழர் கல்வெட்டுகளில் ஒரு நிலத்தின் விலாசமே ‘இந்த வதிக்குக் கிழக்கு, இந்த வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாற்று, இத்தனையாம் சதிரம்’ என்றுதான் வரும். வதி என்பது நிலங்களைப் பிரிக்கும் வழி; சதிரம் என்பது சதுர வயல் துண்டு. ஊருக்கு எல்லை வகுக்கும்போது பிடி சூழ்ந்து, அதாவது பெண் யானையை எல்லை சுற்றி நடக்க விட்டு, கல்லும் கள்ளியும் நாட்டியதைச் செப்பேடுகள் சொல்கின்றன. பாசனமும் எல்லையும் ஒரே கோட்டில் நடந்த ஏற்பாடு இது. ஆகவே கண்ணாற்றைத் தூர்த்து வயலோடு சேர்ப்பவர் எல்லையையும் வடிகாலையும் சேர்த்தே அழிக்கிறார். மழை கொட்டினால் அவர் வயலில்தான் சம்பா முதலில் அழுகும்.

எல்லைத் தகராறுகளில் பெரும்பாலானவை அளவுக் குழப்பம். பழைய பத்திரங்களில் குழி, மா, வேலி என்று இருக்கும். 12 அடிக் கோலால் ஒரு சதுரம் ஒரு குழி, அதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஒரு மாவை 33 சென்ட் என்று சுருக்கிச் சொல்கிறோம். துல்லியமாக அது 33-க்குச் சற்று கூடுதல். ஒரு வேலியில் இந்த மிச்சம் ஒரு சென்ட்டைத் தாண்டிவிடும். நில அளவைத் துறையின் வயல் வரைபடமான புலப்படத்தில் இருப்பதோ மீட்டர். எனவே வரப்பைப் பார்த்துப் பேசாமல், புலப்படத்தையும் கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, நிற்கும் இரண்டு கற்களிலிருந்து அளக்க வேண்டும். காணாமற்போன கல்லை நாமே நட்டால் செல்லாது. நில அளவருக்கு மனுக் கொடுக்க வேண்டும். மூன்று கிராமம் கூடும் முச்சந்திக் கல் ஒன்று வெள்ளத்தில் மண்மூடியிருந்தது. அதை அசைக்காமல் சுற்றி மட்டும் மண் அகற்றியிருக்கிறோம்.

சபையின் முன் ஒரு தீர்மானம் வைக்கிறேன். கரையடியிலிருந்து 50 அடிக்குள் எந்தப் பக்கமும் யாரும் மண் எடுக்கக் கூடாது. அங்கே பள்ளம் விழுந்தால் தண்ணீர் கரைக்கு அடியில் புகுந்து வர வேண்டிய தூரம் குறைந்து, ஊற்றுக்கு நாமே வழிவிட்டதாகும். உறுப்பினர்கள் விவாதித்து நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்