எனக்குச் சமயமானபோது

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். இரண்டு தெரு தள்ளி இருப்பவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நேரில் பேசினால் நீ அழகாகப் பதில் சொல்லி என்னையே தலையாட்ட வைத்துவிடுகிறாய். காகிதத்தோடு வாதாட முடியாது, அதனால்தான். எல்லோரும் படிக்கிற இடத்தில் இதை வைப்பதற்குக் கோபித்துக்கொள்ளாதே, இதில் பாதி என் கதைதான்.

பீடி சுற்றுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லித் தர வேண்டும் என்கிற பாரம் கர்த்தர் உனக்குக் கொடுத்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புத்தாண்டு பிறக்கிற ராத்திரி வாட்ச் நைட் ஆராதனை முடிந்து, வாக்குத்தத்த வசன அட்டையோடு வந்து சொன்னாயே, அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு வெள்ளைப் பலகை வாங்கியாயிற்று. வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தாயிற்று. லோகோ ரெடி, அதில் ஒரு புறாகூட இருக்கிறது. ட்ரஸ்ட் பதிவு செய்வது பற்றி ஆடிட்டரிடம் பேசியாயிற்று. பிள்ளைதான் ஒன்றுகூட இன்னும் வரவில்லை.

நீ சோம்பேறி என்று நான் சொல்லவில்லை. விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஜெபிக்கிறவளை, ஆம்பூர் போய் ஷூ கம்பெனியில் நாளெல்லாம் கணக்கு எழுதிவிட்டு வருகிறவளை யார் அப்படிச் சொல்வார்கள்? உனக்குப் பயம். நாலு பிள்ளைகள் வந்து, இரண்டே வாரத்தில் நின்றுவிட்டால் என்ன ஆவது என்கிற பயம். பலகை வாங்குகிறவரைக்கும் தோற்க முடியாதல்லவா?

அப்போஸ்தலர் நடபடிகளில் பேலிக்ஸ் என்றொரு தேசாதிபதி வருகிறானே, நினைவிருக்கிறதா? கைதியாக நின்ற பவுல் பேசப் பேச அவனுக்குப் பயம் வந்துவிட்டது. "இப்பொழுது நீ போகலாம், எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்" என்றான். நம்முடைய பிரசங்கங்களில் இந்த வசனத்தோடு நிறுத்திவிடுவார்கள். அடுத்த வசனத்தைப் படித்துப் பார். அவன் பவுலை மறந்துவிடவில்லை. பலமுறை கூப்பிட்டுப் பேசினான். மனசுக்குள் லஞ்சம் கிடைக்கும் என்கிற நப்பாசையும் இருந்தது, அது வேறு விஷயம். இப்படியே இரண்டு வருஷம் ஓடி, அவன் இடத்துக்கு வேறொருவன் வந்துவிட்டான். இரண்டு வருஷமும் ஆவிக்குரிய பேச்சுதான்! சனிக்கிழமை தோறும் நீ வந்து காபி குடித்துக்கொண்டே ஊழியத் திட்டம் சொல்லும்போது, மன்னித்துக்கொள், எனக்கு அவன் ஞாபகம்தான் வருகிறது.

"கர்த்தருக்குக் காத்திரு என்றும் வேதத்தில் இருக்கிறதே பெரியப்பா" என்பாய். இருக்கிறது. என்ன செய்வதென்று தெரியாதவன் காத்திருக்கட்டும். உனக்குத் தெருவும் தெரியும், பிள்ளைகளின் முகமும் தெரியும். இன்னும் எந்த வெளிச்சத்துக்குக் காத்திருக்கிறாய்? டியூப்லைட்டுக்கா?

இங்கே ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதையைக் கேட்காமல் யாரும் வளர முடியாது. 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்றிருந்தவர். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் கதவைத் தட்டி, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்க வரும்படி கூப்பிட்டார்கள். டாக்டரான அவருடைய அப்பா இருந்தார். ஆண் டாக்டர் கூடாது என்றார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இல்லை. பிரசங்கியார்கள் அந்த ராத்திரியிலிருந்து ஒரே தாவாக, அவர் ஆரம்பித்து வளர்ந்த இன்றைய வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் வந்து குதிப்பார்கள். நடுவில் இருக்கிற வருஷங்களை யாரும் சொல்வதில்லை, எனக்குப் பிடித்ததே அந்த வருஷங்கள்தான். அமெரிக்கா போய், முதலில் பிலடெல்பியாவில், பிறகு கார்னெல் கல்லூரியில் படித்து 1899-ல் டாக்டரானார். 1900-ல் வேலூருக்கு வந்தார். அப்பாவின் பக்கத்தில் நின்று தொழில் பழகலாம் என்று வந்தவருக்கு, சில மாதங்களிலேயே அப்பாவும் இல்லாமல் போனார். சமயம் சரியில்லை என்று சொல்ல இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா? ஓர் அறை, ஒரு கட்டில், அவ்வளவுதான் ஆரம்பம். நாற்பது படுக்கை ஆஸ்பத்திரி வந்தது 1902-ல். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-ல். கட்டிலைப் போட்ட அன்றைக்குப் பள்ளியின் பிளான் அவர் கையில் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பிறகு, நீ தினமும் பஸ்ஸுக்கு நிற்கிற நம் குடியாத்தம் ரோட்டில் வண்டியை நிறுத்தி நிறுத்தி, மரத்தடியிலேயே வைத்தியம் பார்த்திருக்கிறார்.

"அவங்க வேற, நான் வேற" என்கிறாயா? சரி, என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் தெருக்கோடியில் இருக்கிற பாட்டியை உனக்குத் தெரியும். அறுபது வருஷம் பீடி சுற்றியவர். கண் போய்விட்டது. ரிட்டயர் ஆன புதிதில் என்னை வழியில் நிறுத்தி, "இன்னா வாத்தியாரே, வாரத்துக்கு ஒரு நாளு வந்து வேதம் படிச்சிக் காட்டேன்" என்றார். என் உள்ளத்தில் யாரோ தொட்டதுபோல் இருந்தது. அவசியம் வருகிறேன் என்றேன். முதலில் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள், கோயிலில் வேலை. பிறகு வெயில். பிறகு அறுப்பின் பண்டிகைக் கணக்கு என் தலையில். அப்புறம் எனக்கே கண் ஆபரேஷன். எட்டு மாதம் போயிற்று. தினமும் ஜெபத்தில் மட்டும் பாட்டியின் பெயரைத் தவறாமல் சொன்னேன், அதை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஒரு நாள் சாயங்காலம் கிளம்பிப் போனேன். வாசல் வரைக்கும் சத்தம் கேட்டது. "நே... பு... காத்... நேச்..." பாட்டியின் பேத்தி, மூன்றாம் வகுப்பு, தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு தானியேல் புத்தகத்தை விரலால் தடவித் தடவி வாசிக்கிறது. தடுமாறுகிற இடத்தில் பாட்டி மனப்பாடமாக எடுத்துக் கொடுக்கிறார். கேட்டுக்கொண்டே அவர் விரல்கள் மடியில், இல்லாத இலையைச் சுருட்டி, இல்லாத நூலைக் கட்டி, ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கின்றன. நான் செருப்பைக் கழற்றிய சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். "வா வாத்தியாரே, உக்காரு. பாப்பா படிக்குது, கேளு." திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னிடம் கொடுத்த வேலை என் சமயத்துக்குக் காத்திருக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளையிடம் போய்விட்டது. அவள் என்னைவிட நன்றாகவே செய்துகொண்டிருந்தாள்.

உட்கார்ந்து கேட்டேன். அன்றைக்கு மூன்று பேர் அக்கினிச் சூளையில் விழுகிற வரைக்கும்தான் வந்தோம். பாட்டிக்கே பொறுக்கவில்லை, மீதியை அவரே சொல்லி முடித்தார்.

அந்தப் பிள்ளை நேற்று கணக்கு நோட்டோடு என்னிடம் வந்தது. கடன் வாங்கிக் கழித்தல் வரவில்லை. பூஜ்யத்திடம் போய் எப்படித் தாத்தா கடன் கேட்பது என்கிறது. நான் தமிழ் வாத்தியார், என்னால் அவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியவில்லை. திங்கட்கிழமை ஆறே முக்காலுக்கு ஒரு அக்கா வருவாள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான்.

எங்கள் வீட்டுத் திண்ணையில் பாய் விரித்து வைக்கிறேன். பலகையெல்லாம் வேண்டாம், ஒரு பிள்ளைக்குச் சிலேட்டு போதும், அது என்னிடம் இருக்கிறது. வரும்போது கொசுவத்தி மட்டும் வாங்கி வா.

அன்புடன்,
பெரியப்பா